மாடியா, களமா: தனபால் அண்ணனும் நானும்

கார்த்திகை தீபம் முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்ட வாரம் அது. காலை ஆறு மணி இருக்கும். சாம்பாருக்குப் பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டுத் திரும்பினால் செல்போன் அடிக்கிறது. என் கடையில் பாத்திரம் துலக்கும் மல்லிகா, தனபால் அண்ணனின் ஊர்க்காரி. இவள் இந்நேரத்துக்குக் கூப்பிட்டால் லீவு கேட்கத்தான் என்று நினைத்து, "இன்னிக்கு யாருக்குக் கண்ணாலம்?" என்றேன்.  "ஈபிக்காரு போய்ட்டாரும்மா. எழுந்து மூஞ்சி கழுவிட்டு வந்து கட்டில்ல உக்காந்தவருதான்" என்றாள். எனக்கு வாய் நீளம் என்று செங்கம் ரோட்டுக்கே தெரியும். அந்த வாய்தான் கண்ணாலம் என்று கேட்டிருந்தது. பருப்பு அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன்.

அவரோடு பழகிய உங்களுக்கு நான் அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. தெரியாமல் படிப்பவர்களுக்காக இரண்டு வரி. தனபால் அண்ணன், திருவண்ணாமலை மலைக்குப் பின்பக்கம் இருக்கிற அடி அண்ணாமலைக்காரர். மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். கிரிவலப் பாதையில் எந்தக் கம்பத்திலிருந்து எந்த வீட்டுக்கு வயர் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நான் விஜயா. ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டுச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தது அயர்லாந்து. சண்டை மூட்டிவிட்டதும் அதே அயர்லாந்துதான்.

ப்ரெண்டன் என்று ஓர் அயர்லாந்துக்காரர். எழுபதை நெருங்குகிறவர். கார்த்திகை தீபத்துக்கு வந்தால் மாசியில்தான் ஊர் திரும்புவார். பிடில் வாசிப்பார். வியாழக்கிழமை சாயங்காலங்களில் அவரும் அவர் கூட்டாளிகள் மூன்று நான்கு பேரும் என் மாடியில் கூடுவார்கள். மேடை கிடையாது, மைக் கிடையாது. வட்டமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்து அவர்கள் ஊர்க் கிராமத்துப் பாட்டுகளை வாசிப்பார்கள். எந்தப் பாட்டானாலும் மூன்று தடவை திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்ததற்குத் தாவுவார்கள். எனக்கு முதலில் எல்லாம் ஒரே பாட்டாகத்தான் கேட்டது. டீ விற்கிறது, நமக்கென்ன என்று இருந்தேன்.

அப்படி ஒரு வியாழக்கிழமை ப்யூஸ் போய்விட்டது. தெரிந்தவர் ஒருவர் சொல்லி தனபால் அண்ணன் வந்தார். வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. மனிதர் போகவில்லை. டெஸ்டரைக் கையில் பிடித்தபடி தூணோரம் ஒரு மணி நேரம் நின்றார். "உக்காருங்கண்ணா" என்றேன். காதில் விழவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, "தகிட தகிடன்னு ஓடுது பாருங்க. நம்ம கூத்துல வர்றதுதாம்மா இது. ஆளுதான் வெள்ள" என்றார். அடுத்த வியாழன் ப்யூஸ் போகவில்லை, ஆனாலும் வந்தார். அதற்கடுத்த மாதம் ப்ரெண்டன் அவருக்கு ஆறு துளை போட்ட ஒரு தகர ஊதலைக் கொடுத்தார். அறுபத்து மூன்று வயதில் அதை வாயில் வைத்தவர், மறு வருடம் அவர்கள் வட்டத்தில் உட்கார்ந்து ஊதினார். சட்டைப்பையில் டெஸ்டரும் ஊதலும் ஒன்றாக நிற்கும்.

அவர் மனைவி சரோஜா அக்கா என்னிடம் வந்து அழாத குறை. "ரிட்டையர் ஆனா வூட்ல நிம்மதியா இருக்கலாம்னு பாத்தேன். இப்ப நிம்மதி கம்மி, ஊதல் ஜாஸ்தி. மாடு கூட கன்னுக்குட்டிய விட்டுட்டு அந்தப் பக்கம் நகந்து போவுது" என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். ஏன் ஒவ்வொன்றையும் மூன்று சுற்று வாசிக்கிறீர்கள், சலிக்காதா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு அவர் சொன்னது இது: "மொத சுத்துல வெரல் எங்க இருக்குன்னு தேடுவேன். ரெண்டாவதுல பக்கத்துல இருக்கறவன் எங்க இருக்கான்னு தேடுவேன். மூணாவதுலதான் பாட்டு காதுல வுழும். அதுக்குள்ள முடிஞ்சிடும்."

இரண்டு வருடங்களுக்கு முன் ப்ரெண்டன் ஒரு யோசனையோடு வந்தார். அந்த சீசனுக்கு இன்னும் எட்டு வாத்தியக்காரர்கள் வருகிறார்கள். வியாழக்கிழமைக் கூட்டத்தையே பெரிதாக்கி, ஒருநாள் விழாவாக வைத்தால் என்ன? எனக்கு அப்போதே கொட்டகைக்குப் புதுக் கீற்று மாற்றி, வாசலில் வாழைமரம் கட்டியாகிவிட்டது, மனதுக்குள். என் மாடியில் முளைத்த கூட்டம். விழா வேறெங்கே நடக்கும்?

தனபால் அண்ணன் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "எங்க ஊரு களத்துல வெக்கலாம்" என்றார்.

நெல் காயவைக்கிற சிமெண்டுக் களம். பக்கத்தில் ஒரு புங்கமரம். அவ்வளவுதான் அங்கே. எனக்குச் சுர்ரென்றது. கக்கூஸ் எங்கே, சமைக்கிறது எங்கே, மழை வந்தால் எங்கே ஓடுவது, மைக்குக்குக் கரண்ட் எங்கிருந்து இழுப்பது என்று அடுக்கினேன். அவர் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார். "முப்பத்தஞ்சு வருஷம் கரண்ட் குடுத்தவன் சொல்றேன். இதுக்குக் கரண்ட் வேணாம்மா."

"சரி, என் மாடிக்கு என்ன கொறச்சல்?"

"கொறையே இல்ல. ஆனா எங்க ஜனம் ஏறி வராது."

"வரக்கூடாதுன்னு நான் யாரையாவது சொன்னேனா?"

"நீங்க சொல்லலம்மா. செருப்ப எங்க விடறதுன்னு தெரியாத எடத்துக்கு அவங்க வரமாட்டாங்க. சில பேரு போட்டுகினே வர்றான், சில பேரு கழட்டி வெக்கறான். ஏணிப்படிகிட்ட நின்னு யோசிப்பாங்க, அப்படியே திரும்பிடுவாங்க. மல்லிகாவையே எடுத்துக்குங்க. ஒம்போது வருஷமா இங்க வேல செய்யுது. ஒரு நாளு இந்த நாற்காலில உக்காந்து பாட்டு கேட்டிருக்கா?"

மல்லிகா பின்கட்டில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவர் சொன்னது உண்மை என்பதால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அது அன்றைக்குத் தெரியவில்லை. என் கடையில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்துக்கொண்டு, என்னையே குத்திக்காட்டுகிறாரே என்றுதான் தோன்றியது. ப்ரெண்டனைப் பார்த்து, நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். அவர்கள் நாட்டிலும் இப்படித்தானாம். விழா இந்த ஊரிலா அந்த ஊரிலா என்று சண்டை வந்தால், ஒரு ஊர்க்காரன் மறு ஊர்க்காரன் கடையில் டீ குடிக்க மாட்டானாம். "இங்கே டீயாவது குடிக்கிறீர்கள். நல்லது. நீங்கள் இரண்டு பேரும் பேசி முடியுங்கள்" என்று பிடிலைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

நாங்கள் பேசி முடிக்கவில்லை. நான் தனியாக முடித்தேன். மறுவாரமே அச்சகத்துக்குப் போய், இடம் என் மாடி, கிழமை சனி, நேரம் மாலை நாலு என்று நோட்டீஸ் அடித்துக்கொண்டு வந்துவிட்டேன். வியாழக்கிழமை அவர் வந்ததும் ஒன்றை நீட்டினேன். செய்தது அசிங்கம் என்று நீட்டும்போதே தெரிந்தது. அவர் கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். "நல்லா அச்சாகியிருக்குதும்மா" என்றார். நாலாக மடித்து டெஸ்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அன்று ஊதவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை, அதற்கடுத்த வியாழனும் இல்லை. வட்டத்தில் அவர் இடத்தை யாரும் நிரப்பவில்லை. நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்ளவும் இல்லை. நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் செல்போனில் அவர் பெயர் வந்தது. மறுபடியும் களம் என்று ஆரம்பிப்பார் என்று எடுக்கவில்லை.

இனி நான் செய்த மடத்தனத்தைச் சொல்ல வேண்டும். திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவள் எவளும் செய்யக்கூடாத தப்பு. நாட்காட்டியில் பௌர்ணமி வட்டம் ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது. ஆகவே விழாவைச் சனிக்கிழமை வைத்தேன். வட்டத்தைப் பார்த்தவள், கீழே பொடி எழுத்தில் போட்டிருந்த நேரத்தைப் பார்க்கவில்லை. சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கே திதி பிறந்துவிட்டது. பன்னிரண்டுக்குச் செங்கம் ரோட்டில் தடுப்பு வைத்தார்கள். ஒரு மணிக்கு ஆட்டோ நின்றது. இரண்டு மணிக்கு என் மாடியிலிருந்து பார்த்தால் ரோடு தெரியவில்லை, தலைதான் தெரிந்தது.

வரவேண்டிய எட்டு வாத்தியக்காரர்களும் சீசனில் ஆசிரமம் பக்கம் ரூம் கிடைக்காமல் அடி அண்ணாமலையில்தான் தங்கியிருந்தார்கள். அங்கிருந்து என் கடைக்கு வரவேண்டுமென்றால் கிரிவலக் கூட்டத்துக்கு எதிராக, மலையை இடப்பக்கம் வைத்து நடக்க வேண்டும். பௌர்ணமியன்று அப்படி யார் நடப்பார்? பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் நடந்து பார்த்திருக்கிறார்கள். "இன்னாங்க இது, எதிர்ல வர்றீங்க, சாமி குத்தம்" என்று ஆளாளுக்குச் சொல்ல, அரை மைல்கூட வரமுடியாமல் திரும்பிவிட்டார்கள். இங்கே மாடியில் ப்ரெண்டனும் இன்னும் இருவரும். கேட்க வந்தவர்கள் முப்பது பேர். மைக் வைத்துப் பார்த்தோம். கீழே அரோகரா சத்தத்திலும் அன்னதான ஒலிபெருக்கியிலும் பக்கத்தில் வாசிக்கிற பிடில் எனக்கே கேட்கவில்லை. மைக்கை அணைத்துவிட்டேன்.

மூன்றரைக்கு மறுபடியும் அவர் பெயர் வந்தது. இந்தத் தடவை எடுத்தேன்.

"ஆளுங்க எல்லாம் இங்கதாம்மா இருக்காங்க. எதிர்ல வரமுடியாது. நீங்க வாங்க. வலமாதான வர்றீங்க, கூட்டமே இஸ்துகினு வந்து வுட்டுடும்."

"கூட்டம் இன்னிக்கே இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அதச் சொல்லத்தான் முந்தாநாளு கூப்ட்டேன். நீங்க எடுக்கல."

முப்பது பேரும் நடந்தோம். ப்ரெண்டன் பிடில் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் போனார். புளிசாதத்தையும் சுண்டலையும் தூக்குகளில் போட்டு ஆளுக்கொன்றாகச் சுமந்தோம். ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நடக்கிற முட்டி இல்லை என்னுடையது. வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன், அவரையும் விடவில்லை.

களத்தைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, படுதா விரித்திருந்தது. ஒரு பக்கம் முழங்கால் உயரத்தில் கயிறு கட்டி, கயிற்றுக்கு வெளியே வரிசையாகச் செருப்புகள். உள்ளே ஊரே உட்கார்ந்திருந்தது, வெள்ளைக்காரர்களும் நடுவில். அவ்வளவு பெரிய களத்தில் ஒரே ஒரு நாற்காலி, புங்கமரத்தடியில் காலியாகக் கிடந்தது. வலி தாங்காமல் அதில் போய் விழுந்தேன். தனபால் அண்ணன் எதிரே வந்து நின்றார். வாயைக் கட்டுப்படுத்த எனக்குத் தெரியாதே! "எல்லாம் ரெடியா வெச்சிருந்தீங்க போல. நான் எப்ப தோத்துப்போயி வருவேன்னு காத்துகினு இருந்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கையை நீட்டினார். "தூக்குல புளிசாதமாம்மா? குடுங்க, நெழல்ல வெக்கறேன்" என்றார்.

சூரியன் இறங்குகிற நேரம் வாசிக்க ஆரம்பித்தார்கள். கரண்ட் இல்லை, மைக் இல்லை. ஜனம் மூச்சுக்கூட அடக்கித்தான் விட்டது. இரண்டாவது சுற்றில் மல்லிகா தொடையில் தாளம் போட ஆரம்பித்தாள். மூன்றாவதில் நாலைந்து பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அண்ணன் வட்டத்தில் உட்கார்ந்து கண்ணை மூடி ஊதினார். கிரிவலம் போகிறவர்கள் நின்று, கேட்டு, போனார்கள். நிலா மேலே வந்தபோது எல்லோரும் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நன்றாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. புளிசாதத்தில் உப்பு கம்மி என்று என்னையே குறைசொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அடுத்த வியாழன் அவர் மாடிக்கு வந்தார், ஒன்றுமே நடக்காத மாதிரி. "அடுத்த வருஷம் விழா உங்க மாடில வெக்கலாம்மா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. களத்தில்தான் நன்றாக இருந்ததே என்றேன். "இருந்துச்சு. இப்ப கேட்டுட்டாங்க இல்ல? இனிமே ஏறி வருவாங்க. ஒரு வருஷம் அங்க, ஒரு வருஷம் இங்க. சுத்தி வரட்டுமே." போன வருடம் அப்படியே நடந்தது. பௌர்ணமி நேரத்தை நாலு பேரிடம் கேட்டு நாள் வைத்தேன். அவர் மாடிப்படி கீழே நின்றுகொண்டு தன் ஊர்க்காரர்கள் நாற்பது பேரை ஏற்றி அனுப்பினார். படி முடிகிற இடத்தில் நான் ஒரு கயிறு கட்டியிருந்தேன். அதைப் பார்த்தார். தன் செருப்பைக் கழற்றி முதல் ஆளாக அங்கே விட்டார். மல்லிகா நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.

அண்ணன் போன அன்று, பாடை கிளம்புமுன் ப்ரெண்டன் வாசிக்க அனுமதி கேட்டார். மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்தி வழிவிட்டார்கள். மெதுவான ஒரு பாட்டு. மூன்று சுற்று. மூன்றாவது சுற்றில் எனக்கும் முதல்முறையாகப் பாட்டு காதில் விழுந்தது. அவர் சொன்னபடியே அதற்குள் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு சரோஜா அக்கா ஒரு மடித்த காகிதத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "அவரு டைரிக்குள்ள இருந்துச்சு. உங்க கட நோட்டீஸு மாதிரி இருக்குது." அதேதான். அவருக்குத் தெரியாமல் நான் அடித்த நோட்டீஸ். நாலாக மடித்த மடிப்பு கிழிகிற நிலையில் இருந்தது. திருப்பினேன். பின்பக்கம் பென்சிலில் ஒரு பட்டியல், அவர் கையெழுத்து:

படுதா ஆறு. தண்ணி டிரம் ரெண்டு. செருப்புக்குக் கயிறு. விஜயாம்மாவுக்கு ஒரு நாற்காலி, முட்டி வலி.

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஆமாம், காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் அழுததைப் பார்த்துச் சரோஜா அக்காவும் அழுதார். கொஞ்சம் தெளிந்ததும், இந்த வருடம் களத்து முறை, எந்த நாளில் வைக்கலாம் என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

"களத்துல வேணாம்மா. அவரு இல்லாம அந்த சத்தம் என் காதுல வுழக்கூடாது. உங்க மாடியிலயே வெச்சிக்குங்க."

இரண்டு வருடங்களுக்கு முன் இதே வார்த்தைக்காக நான் என்னவெல்லாம் செய்தேன்! "மாடில வெச்சா நீங்க வருவீங்களாக்கா?" என்றேன்.

"நான் எங்கம்மா வர்றது?"

"வரமாட்டீங்க இல்ல? அதுக்குத்தான் களம்."

சொன்ன பிறகுதான் அது யார் பேச்சு என்று எங்கள் இருவருக்கும் உறைத்தது. சரோஜா அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பட்டியலை எட்டிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்த நாற்காலி எங்க வூட்டுது இல்லம்மா. டீச்சரு வூட்ல கேட்டு நான்தான் தூக்கியாந்தேன். எதுக்குங்க ஒரே ஒரு நாற்காலின்னு கேட்டேன். 'அந்தம்மா கோவமா வரும். உக்காந்தா அடங்கிடும்'னாரு."

பிறகு களத்துப் பக்கம் திரும்பினார். "வெச்சிக்குங்க. நான் மரத்துப் பக்கமா உக்காந்துக்கறேன்" என்றார்.

ஊதல் அவர் வீட்டிலேயே, அவர் படத்துக்குக் கீழே இருக்கிறது. என்னிடம் இருப்பது அந்த நோட்டீஸ். ஒரு பக்கம் நான் செய்தது, மறுபக்கம் அவர் செய்தது. கடையில் கல்லா மேசைக் கண்ணாடிக்குக் கீழே, அவர் எழுதிய பக்கம் தெரியும்படி வைத்திருக்கிறேன். யார் பெயர் செல்போனில் வந்தாலும் இப்போது எடுத்துவிடுகிறேன். தனபால் அண்ணனைத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லோரும் தை மாதம் அடி அண்ணாமலைக் களத்துக்கு வாருங்கள். திதி பார்த்தாகிவிட்டது. மைக் கிடையாது. மரத்தடியில் இரண்டு நாற்காலி இருக்கும், ஒன்று சரோஜா அக்காவுக்கு, ஒன்று எனக்கு. செருப்பை எங்கே விடுவது என்று யாரும் யோசித்து நிற்க வேண்டாம், கயிறு நான் கட்டிவிடுகிறேன்.